மாயவரத்தில் நவம்பர் மாதம் நாவல் எழுத முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், முதல் நாவல் எழுத நினைப்பவர்களுக்கு யோசனை சொல்லி முழுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்துவிட வேண்டும், அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும், போனை அணைத்து வைக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு மாதத்துக்கு என்னைத் தேடாதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று போகிறது அது. எங்கள் வீட்டில் யார் நாலு மணிக்கு எழுந்தாலும் குடத்தில் தண்ணீர் பிடிப்பது அவர் பொறுப்பாகிவிடும், உள்ளே தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே இடம் குளியலறை. சரி, அதை விடுங்கள், கிண்டல் பண்ணுவதற்காக எழுதவில்லை. கட்டுரையில் சொன்ன ஒரு மாதத் திட்டத்தைப் போன வருடமே செய்து பார்த்து மண்ணைக் கவ்வியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது, அது இவ்வளவு நீளமாகும் என்று தெரியாது.

நான் மயிலாடுதுறையில் பத்திர எழுத்தர். 2020 கடைசியில் தனி மாவட்டமே ஆகிவிட்டது, ஆனாலும் எங்கள் வாயில் மாயவரம் என்றுதான் வரும். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம், விடுதலை என்று முப்பது வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறேன், முன்பு முத்திரைத்தாளில் கையால், இப்போது கம்ப்யூட்டரில். நாவல் ஆசை வந்ததற்கு இந்த ஊர்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். தமிழின் முதல் நாவல் என்கிற 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ல் வந்தது, அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தவர். அதற்கும் முன்னால் திருச்சி கோர்ட்டில் ஆவணங்களைக் காப்பவராக, மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர், கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தவர். ஆக, தஸ்தாவேஜுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடமிருந்துதான் தமிழ் நாவல் புறப்பட்டது. நாவல் எழுதுவது எப்படி என்று கட்டுரை போட்டு அவரைப் பயமுறுத்த அன்றைக்கு ஆளும் இல்லை.

உங்கள் கட்டுரை சொல்லும் திட்டம் அமெரிக்காவில் 1999ல் ஆரம்பித்தது. நவம்பர் மாதம் முடிவதற்குள் 50 ஆயிரம் சொல் எழுதிவிட வேண்டும், முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,667. அதை நடத்திய அமைப்பு 2025ல் கடையைக் கட்டிவிட்டது, கட்டுரையாளர் ஏனோ அதைச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு நவம்பர் தோதான மாதமாக இருக்கலாம். எங்களுக்கு அது ஐப்பசியில் பாதி, கார்த்திகையில் பாதி. ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் முழுக்குப் போட ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கடைசி நாள் கடைமுகம், அன்றைக்குக் காவிரிக் கரையில் கால் வைக்க இடம் கிடையாது. எங்கள் வீடு கட்டத்துக்கு நடக்கிற தூரம் என்பதால் ஒன்றுவிட்ட உறவு, இரண்டுவிட்ட உறவு எல்லாம் ஈரத் துணியைப் பிழிய எங்கள் கொல்லைக்குத்தான் வரும். இதற்கு நடுவில் மழை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய நவம்பர் 15 என்று தேதி வைப்பார்கள், சிட்டாவையும் அடங்கலையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மனு நிரப்பிக் கொடுக்க வேண்டும், மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலம் வைத்திருப்பவரிடம் நாவல் எழுதுகிறேன் அப்புறம் வாருங்கள் என்று சொல்ல முடியுமா? கார்த்திகை பிறந்தால் முகூர்த்த நாள், ரிஜிஸ்டர் ஆபீஸில் கூடுதல் டோக்கன் போடுவார்கள், சாப்பிட நேரமிருக்காது.

முதல் நாள் 340 சொல் எழுதினேன். இரண்டாம் நாள் மழை, கரண்ட் இல்லை, பூஜ்யம். மூன்றாம் நாள், முதல் நாள் எழுதியதில் இருநூறு சொல்லை அடித்துவிட்டேன், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தனிமை வேண்டும் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம் என்று பொறையாறில் பூட்டிக் கிடக்கும் மச்சினர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் போனேன். என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்து, ஏதோ ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மாதிரி வாசல்வரை வந்து அனுப்பினாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. முதல் நாள் ஒட்டடை அடித்தேன். ராத்திரி சாதம் வைக்க ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று போன் போட்டுக் கேட்டேன், அந்தச் சாக்கில் அரைமணி நேரம் பேசினோம், வீட்டில் இருந்தால் ஒரு வாரத்தில் அவ்வளவு பேசுவோமா என்று சந்தேகம். மறுநாள் தரங்கம்பாடி போய்க் கோட்டைக்கு எதிரே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் எழுதியது 41 சொல், எண்ணிப் பார்த்தே சொல்கிறேன்.

என்னுடைய நிஜமான சிக்கல் அறையோ நேரமோ இல்லை, கை. முப்பது வருடப் பழக்கம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. முதல் அத்தியாயத்தின் முதல் வரியே 'மேற்படி வீட்டுக்குக் கிழக்கே தெரு, மேற்கே வாய்க்கால்' என்று வந்து நின்றது. கதாநாயகியைப் பற்றி எழுதும்போது என்னை அறியாமல் 'இன்னாரின் மகள், சுமார் 24 வயது' என்று போய்விடுகிறது. மருமகள் பள்ளிக்கூட டீச்சர், சிவப்புப் பேனா இல்லாமல் அவளால் எதையும் படிக்க முடியாது. பத்துப் பக்கம் படித்துவிட்டு, "மாமா, நல்லாத்தான் இருக்கு, ஆனா படிச்சு முடிச்சதும் வில்லங்கம் போட்டுப் பாக்கணும்போல இருக்கு" என்றாள். கதையில் வரும் மருமகள் எப்போதும் போனை நோண்டிக்கொண்டிருப்பது யாரைப் பார்த்து எழுதியது என்றும் கேட்டாள். அதைத் திருத்திவிட்டேன், இப்போது அந்தப் பெண் எப்போதும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள். என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான், கதையில் தன்னைச் சாகடிக்கக் கூடாது. அது அவள் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை.

வீட்டுக்குள் நடக்கும் சின்ன விஷயம் நாவலைத் தாங்காது, பெரிய நிகழ்ச்சி ஏதாவது வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறதே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். எழுதியவர் ஒரே ஒரு நாள் என் மேஜைப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு வேலி நிலம், அதாவது பதின்மூன்று ஏக்கர் சொச்சம், அரைமணியில் பிரித்துக்கொண்டார்கள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்புறம் ஊஞ்சலில் வந்து நின்றது. மத்தியானம் ஆகிவிட்டது, டீ நாலு ரவுண்டு போயிற்று. கடைசியில் பலகை ஒருத்தருக்கு, பித்தளைச் சங்கிலி ஒருத்தருக்கு என்று முடிந்தது. பத்திரத்தில் நான் இரண்டு வரியில் எழுதிவிட்டேன். சங்கிலியை வாங்கியவர் அதை எங்கே மாட்டுவார், பலகையை வாங்கியவர் அதில் எப்படி ஆடுவார் என்பதை எழுதப் பத்திரத்தில் இடமில்லை, அதற்காகத்தான் இந்த நாவல் வேலையையே ஆரம்பித்தேன். மாமரம் ஒன்று, தென்னை நாலு என்று சொத்து விவரத்தில் சேர்ப்போம். ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடிய ரேழியைச் சேர்க்க மாட்டோம்.

நவம்பர் கடைசி வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை பிடித்து ஆறரைக்குக் கரண்ட் போயிற்று. எல்லாரும் திண்ணைக்கு வந்துவிட்டோம். மனைவி அவித்த கடலையைக் குண்டானோடு நடுவில் வைத்தாள், பேத்தி உரித்துத் தின்றுவிட்டுத் தோலைத் திரும்ப அதிலேயே போட்டுக்கொண்டிருந்தாள், கடலை எது தோல் எது என்று இருட்டில் கையால் துழாவிக் கண்டுபிடிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் பழைய வீட்டைப் பற்றி ஏதோ கேட்டேன். என் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிந்த 1971ஆம் வருடத்துப் பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது, எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் கிணறு பொது, மூவரும் ஜலம் இறைத்துக்கொள்ளும் பாத்தியம் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கும். நான் அதைச் சொன்னதும் அம்மா சிரித்தாள்.

"பொதுன்னு எழுதினாங்க. கயிறு மூணுல்ல இருந்துச்சு."

ஒரே ராட்டினம், மூன்று கயிறு. பெரியப்பா வீட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று. தண்ணீர் இறைத்து முடித்ததும் அவரவர் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி அவரவர் கொல்லைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார்களாம். அந்தச் சமயம் அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை, எதற்கு என்று இப்போது ஞாபகமில்லையாம். ஒரு நாள் அம்மாவின் கயிறு அறுந்து வாளியோடு உள்ளே போயிற்று. பாதாளக் கரண்டியை இறக்குவதற்கும் கயிறு வேண்டுமே. அம்மா கிணற்றடியில் நின்றுகொண்டே இருந்தாள். சித்தி வந்து ஒரு வார்த்தை பேசாமல் தன் கயிற்றைக் கொண்டுவந்து துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாளாம். வாளியை எடுத்து, இரண்டு குடம் இறைத்து, கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "ஈரமா இருக்கே அக்கா, காய வச்சுக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

"எட்டு மாசம் கழிச்சுப் பேசின மொத வார்த்தை அதான்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். பேத்தி, "அப்ப காய வச்சுக் குடுத்தியா?" என்று கேட்டாள். "எங்க, அன்னிக்கும் மழை. நாலு நாள் ஆச்சு" என்றாள் அம்மா.

இதைச் சொல்லி முடிக்கும்போது கரண்ட் வந்துவிட்டது, எல்லாரும் டிவிக்குப் போய்விட்டார்கள். நான் சாப்பாட்டு மேஜையில், ஒரு பக்கம் பேத்தியின் வீட்டுப்பாடம், இன்னொரு பக்கம் மருமகளின் பேப்பர் கட்டு, நடுவில் உட்கார்ந்து அன்றைக்கு ராத்திரி மட்டும் 1,900 சொல் எழுதினேன். கணக்குப் பார்த்தது மறுநாள்தான். நவம்பர் மொத்தத்துக்கும் சேர்த்து 9,600 வந்தது, 50 ஆயிரத்துக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்த மூன்று கயிறு எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் கட்டுரையாளரைக் கேட்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவருக்கு ஆறு மணிக்குக் காபி எங்கிருந்து வருகிறது? நானே இதை இத்தனை வருடம் யோசித்ததில்லை. என் மனைவி ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டால் இந்த வீடு என்னவாகும் என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன், அதற்குமேல் யோசிக்கத் தைரியமில்லை. அடுத்த முறை இந்த மாதிரி கட்டுரை போடும்போது குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே எழுதுகிற ஒரு பெண்ணிடம் கேட்டுப் போடுங்கள். ஒரு பக்கம் போதாது, இரண்டு பக்கம் கொடுங்கள்.

இங்கே கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு. கால் நடக்க முடியாத ஒருவர் கடைமுகத்துக்குக் கிளம்பி, வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட, அவருக்காக ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது என்பார்கள். நான் அந்தக் கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது 23 ஆயிரத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கரண்ட் போன சாயங்காலத்துக்கு மறுநாளும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மட்டும் இது நாவல் என்று இன்னும் புரியவில்லை, அல்லது புரிந்தும் புரியாத மாதிரி இருக்கிறாள். நேற்றைக்கும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு பத்திரம்டா இது, இத்தனை மாசமா எழுதுறே?" என்று கேட்டாள். நம்ம வீட்டுப் பத்திரம்தான் என்றேன்.

"எப்ப ரிஜிஸ்டர்?"

"அடுத்த ஐப்பசிக்குள்ள முடிச்சுடணும்மா."

"அஷ்டமி, நவமி பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
மயிலாடுதுறை.