தம்பிக்கு, கழுத்து வலி பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்ஸ்ரேயையும் ரிப்போர்ட்டையும் பார்த்தேன். 'தேய்மானம்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, 34 வயதிலேயே கழுத்து போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாய். போகவில்லை. கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள்; 2015-இல் வந்த ஆய்வு. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான். வலி மட்டும் யாருக்கும் இல்லை. தலை நரைப்பது போலத்தான் இதுவும் என்று வைத்துக்கொள்.

அடுத்து அந்த 27 கிலோ கணக்கு. போன் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று ஒரு படம் சுற்றுகிறதே, அதை உன் அப்பாவும் பக்கத்து அறையிலிருந்து எனக்கு அனுப்பினார். நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் 2014-இல் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு அது. தலை ஐந்து கிலோ அளவு கனம். அது முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசை கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் பாரம் இருக்கிறதே தவிர, யாருக்கு வலித்தது என்பது இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உட்கார வைத்துப் பார்த்தபோது, கூன் போட்டு உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கழுத்து வலி அதிகம் என்று தெரியவரவில்லை. பெரியவர்களிடம் தலை முன்னால் துருத்தி நிற்பதற்கும் வலிக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது. அவ்வளவுதான்.

இதெல்லாம் நான் பிசியோதெரபி அறையில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. குறுவை நடவு முடிந்ததும் வரும் பெண்கள் பெரும்பாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். கழுத்துக்கென்று வந்தவர்கள் தையல்காரர்கள், திருபுவனம் பக்கத்துப் பட்டு நெசவாளர்கள், அப்புறம் பேங்க்காரர்கள். ஒரே தறிக்கூடத்தில் ஒரே மாதிரி குனிந்து வேலை பார்க்கிற இரண்டு பேரில் ஒருவர் வருவார், இன்னொருவர் வரவே மாட்டார். குனிவு மட்டும்தான் காரணம் என்றால் இருவருமே வந்திருக்க வேண்டும். தூக்கம் கெடுவதும் மனக்கவலையும் வலியைக் கூட்டும், அதையும் பார்த்திருக்கிறேன். உனக்கு அந்த இரண்டும் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் போனில் பேசிக்கொள்வோம்.

வராமல் இருப்பவரிடம் பெரும்பாலும் தாங்கும் சக்தி இருக்கும். பலத்தைச் சொல்லவில்லை, நேரத்தைச் சொல்கிறேன். குடத்தைத் தூக்குவது பெரிய காரியமில்லை; அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் அரை மணி நேரம் கதை பேசுவதுதான் கஷ்டம். கழுத்தின் முன்பக்கத்தில், உணவுக்குழாய்க்கும் பின்னால், எலும்பை ஒட்டிச் சில தசைகள் இருக்கின்றன. கண்ணாடியில் தெரியாது. நாள் முழுக்கத் தலையை நிலையாக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. கழுத்து வலி உள்ளவர்களிடம் இவை சோர்ந்துவிடுகின்றன. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு போலத் தெரியுமே, அந்த மேல்தசைதான் அப்போது இவற்றின் வேலையையும் சேர்த்து இழுக்கிறது. சாயங்காலம் உனக்குத் தோள் வரை இறுகுவதிலும் இதற்குப் பங்கு இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தலையணை இல்லாமல் மல்லாந்து படு. முகவாயை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு, தலையைத் தரையிலிருந்து இரண்டு விரல்கடை மட்டும் தூக்கி நிறுத்து. முகவாய் முன்னால் தள்ளினாலோ தலை நடுங்கினாலோ அத்தோடு நேரம் முடிந்தது. வலியில்லாத ஆண்கள் சராசரியாக 40 விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகவும், பெண்கள் 30-ஐ ஒட்டியும் நிற்கிறார்கள். ஒரு ஆய்வில் வலி உள்ளவர்களின் சராசரி 24 விநாடி. பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவோடு போட்டி போடாதே.

பயிற்சி இதைவிடச் சுலபம். அதே மாதிரி படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்று சொல்வது போல மெதுவாக முகவாயைத் தாழ்த்தி பத்து விநாடி நிறுத்து. பத்துத் தடவை செய். கயிறு போன்ற அந்த மேல்தசை புடைக்கக் கூடாது, அதுதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் கழுத்துக்கடியில் பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்றை வைத்து, முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்துப் பழக்குவோம். உனக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலே போதும்.

அப்புறம் தோளுக்கும் வேலை கொடு. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 அலுவலகப் பெண்களைப் பிரித்து ஓராண்டு பயிற்சி கொடுத்தார்கள்; 2003-இல் வெளிவந்தது. தாங்கும் சக்திப் பயிற்சி செய்தவர்களுக்கும் பலப் பயிற்சி செய்தவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்தது. டென்மார்க்கில் ரப்பர் பட்டையை வைத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியைத் தினம் இரண்டே நிமிடம், பத்து வாரம் செய்தவர்களுக்கும் குறைந்தது. உனக்கு நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே.

லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி கீபோர்டு வைத்துக்கொள். நல்லது. ஆனால் எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அசையாமல் இரண்டு மணி நேரம் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். மீட்டிங்கில் கேமரா அணைந்திருக்கும்போது எழுந்து நட.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். கையில் மரத்துப்போவது, பொருள் நழுவுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு மாறுவது, காய்ச்சலோடு வலி, அடிபட்ட பிறகு வந்த வலி, இதில் எது இருந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்.

கூன் போட்டால் அதிர்ந்து காட்டும் அந்த பெல்ட்டை அப்பாவுக்கும் வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். அந்தக் காசுக்கு ரப்பர் பட்டை இரண்டு வாங்கு, லேசானது ஒன்று, கொஞ்சம் கடினமானது ஒன்று. லேசானது அவருக்கு.

அன்புடன்,
அம்மா