மூக்குக்காரிக்கு

அன்புள்ள மகள்,

நாங்கள் சுகம். மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை இருக்கும், அதை நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போனாலும் போனைக் கொண்டுபோகிறா, அவ்வளவுதான்.

உன் ஷாம்பேன் வைன் படிப்பில் நீ சொன்ன சொற்களைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ‘பிரூட்’ என்றால் லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்த சீனி. ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது என்று அர்த்தமாம், ஆனால் 17 கிராமுக்குக் குறையாமல் சீனி கிடக்கிறது! பிரான்சில் ரான்ஸ் என்று நீ சொல்லும் ஊரை எழுத்துக் கூட்டி வாசித்தால் ரெயிம்ஸ் என்று வருகிறது. இந்தச் சனத்தோடு கவனமாக இரு. வெறும் வயிற்றில் ருசி பார்க்கப் போகாதே.

போத்தலுக்குள் இரண்டாந்தரம் புளிக்கவைப்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கள்ளும் இறக்கும்போதே நுரைக்கும், ஆனால் நுரை காற்றோடு போய்விடும். அங்கே அதை மூடியடித்து, குறைந்தது 15 மாதம் கிடத்துகிறார்கள். அதுவும் சுண்ணாம்புக் குகைக்குள். இங்கே கள்ளு முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காமல் கருப்பநீராக நிற்கும். உள்ளே கார் ரயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அமுக்கம் என்றாய். திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதே. மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, உறையவைத்து வெளியே தள்ளுகிற விசயத்தை அம்மாவுக்குச் சொன்னேன். “இவ்வளவு மினக்கெட்டோ குடிக்கவேணும்?” என்றா.

வகுப்பிலேயே நல்ல மூக்கு உனக்குத்தான் என்று வாத்தியார் சொன்னதை மட்டும் சின்னம்மாவுக்குச் சொல்லிவிட்டா. என்ன வகுப்பு என்று சொல்லவில்லை. ஏதோ சாப்பாட்டுப் படிப்பாம்.

வாயில் வைத்துத் துப்பவேண்டும் என்றாய். துப்புகிறாய்தானே? படத்தில் உன் கையில் இருந்த கிளாஸ் பாதி குறைந்திருந்தது. அந்தப் படத்துக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

கேட்க எனக்கு வாய் இல்லை, பிள்ளை. அந்த மூக்கு எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். நான் தவறணையால் வரும்போது நீ படலையடியில் நிற்பாய். ஓடிவந்து சேட்டில் முகத்தைப் புதைப்பாய். பாசம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நீ மணந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ச் சொல்வாயாம். போன வருசம்தான் அம்மா வாய் திறந்தா. கள்ளா சாராயமா என்றுகூடச் சரியாகப் பிரிப்பாயாம். கள் என்றால் எனக்குச் சோறு போட்டு வைப்பா. சாராயம் என்றால் தம்பியையும் தூக்கிக்கொண்டு பின்வளவால் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உனக்கு எட்டு வயது. விடிய எழும்பி, எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று நான் கத்தியிருக்கிறேன்.

நீ ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லையாம்.

சரி. பார்சலில் ஒடியல் மாவும் பனம்பழப் பினாட்டும் வருகிறது. பினாட்டைப் பிரித்ததும் மணந்து பார்த்து, உன் படிப்பில் அதற்கு என்ன சொல் என்று சொல். கொப்பியில் இடம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் போகாதே. ஞாயிறு எடுத்தால் அம்மாதான் முதலில் கதைப்பா. பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்.

அப்பா