ஸ்னோசா மலையில் பெய்த மழை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. இங்கே மலையுச்சிகளில் பனி விழத் தொடங்கியாயிற்று.

அப்பா, போன கிழமை கதைக்கும்போது தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே ஏதும் நடந்தால் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு என்ன வரப்போகிறது, அது வேறு நாடுதானே என்றீர்கள். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை அது. நான் வந்து குடியேறிய இந்த ஊரின் கதையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

ஸ்னோசா நோர்வேயின் நடுப்பகுதியில் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. சுற்றிலும் காடு, அதற்கு மேலே மொட்டை மலைகள். அந்த மலைகளில் இந்த மண்ணின் பழங்குடிகளான ஸாமி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துருவ மான் மேய்க்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஐயாவும் மேய்ப்பர்தான். இப்போது மந்தை மகனின் கையில். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று கதைப்பார். இதில் பாதி அவர் சொன்னது, மீதி நானே தேடிப் படித்தது.

1986 ஏப்ரல் 26ஆம் திகதி விடியுமுன் உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை, ஒரு சோதனையின்போது வெடித்தது. அப்போது அது சோவியத் நாடு. அரசாங்கம் வெளியுலகத்துக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த பிரிப்யாட் நகரத்துச் சனத்தைக்கூட அடுத்த நாள் பிற்பகல்தான் வெளியேற்றினார்கள். 28ஆம் திகதி காலையில் சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் சப்பாத்தில் கதிர்வீச்சு இருப்பதாகக் கருவி காட்டியது. தங்கள் உலையில்தான் கசிவு என்று முதலில் பதறியிருக்கிறார்கள். அது தெற்கிலிருந்து காற்றோடு வந்தது என்று தெரிந்து, கேள்வி மேல் கேள்வி கேட்ட பிறகுதான் அன்றிரவு மொஸ்கோ ஒரு சிறு அறிவிப்பு விட்டது.

அந்தக் காற்று கடந்து போன நாட்களில் இங்கே மழை பெய்தது. மழை பெய்த மலையில், உலையிலிருந்து காற்றோடு வந்த சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கீழே இறங்கியது, பெய்யாத இடம் பெரும்பாலும் தப்பியது. நோர்வேயின் வடகோடியில், எங்கள் ஆட்கள் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஃபின்மார்க்கில், கொஞ்சமே விழுந்தது. உலையிலிருந்து 1500 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிற இந்த மலைகளில் அள்ளிக் கொட்டியது. செர்னோபில் மின்சாரத்தில் ஒரு விளக்குக்கூட எரியாத ஊர் அப்பா இது.

மான்கள் குளிர்காலத்தில் பனியைக் காலால் கிளறி, அடியில் இருக்கிற லைக்கனைத் தின்னும். வெளிறிப்போய்ப் பாசி மாதிரி தரையில் படர்ந்திருக்கும். அதற்கு வேர் இல்லை. வேண்டியதையெல்லாம் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும், எடுத்ததை வருடக்கணக்கில் விடாது. மழையோடு வந்த சீசியம் லைக்கனில் தங்கி, அங்கிருந்து மானின் இறைச்சிக்குப் போனது. ஒரு கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு மேல் இருந்தால் விற்கக்கூடாது என்று அரசாங்கம் வரம்பு வைத்தது. பெக்கரல் என்பது கதிர்வீச்சை அளக்கிற அலகு. சில மந்தைகளில் அளவு பல பத்தாயிரங்களில் இருந்தது. அந்த வருடம் இந்தப் பக்கத்தில் வெட்டிய மான்களில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போகவில்லை.

அரசாங்கம் நட்டஈடு கொடுத்தது, அதை ஐயா மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மான் என்பது விற்கிற பொருள் மட்டும் இல்லை. இரத்தம், எலும்பு மச்சை, தோல், நரம்பு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பயன் இருக்கிறது. எந்த மாதம் எந்த மானை வெட்டுவது, எப்படி உரிப்பது, எதைக் காயவைப்பது என்பதைப் பிள்ளைகள் கூட நின்று பார்த்துத்தான் பழகுவார்கள். உங்கள் கொட்டிலில் நிற்கிற மறியாட்டின் பாலைக் குடிக்காதே, கிடாயை அடிக்காதே, காசு தருகிறேன், கடையில் வாங்கிச் சாப்பிடு என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஐயா சொன்னார், "மான் நோஞ்சானாக இருந்திருந்தால் மனம் ஏற்றிருக்கும். அது எப்போதும் போலக் கொழுத்து அழகாக நின்றது."

அந்த வருடம் நவம்பரில் மான் இறைச்சிக்கான வரம்பை 600இலிருந்து 6000 ஆக உயர்த்தினார்கள். நகரத்தில் இருப்பவன் வருடத்தில் ஓரிரு தடவைதான் சாப்பிடுவான், அவனுக்கு ஆபத்தில்லை, மேய்ப்பர்களின் தொழிலும் அழியாது என்பது கணக்கு. கணக்கில் பிழை இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதே இறைச்சியைக் கிழமையில் பல நாள் சாப்பிடுகிறவர்கள் மேய்ப்பர்கள்தான். அவர்களுக்கு எவ்வளவு சாப்பிடலாம், சமைக்குமுன் எப்படி உப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாம் என்று ஆலோசனை வந்தது. ஆட்களின் உடம்பையும் கருவி வைத்து அளந்தார்கள். உண்ணுவதை எண்ணிப் பார்த்து உண்ணும் பாரம் அவர்கள் தலையில் விழுந்தது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1994இல் வரம்பை 3000 ஆகக் குறைத்தார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இங்கே கதிர்வீச்சு நோய் வந்து யாரும் விழவில்லை. அந்தக் கொடுமை உலையருகே நடந்தது. அங்கே வேலையாட்களிலும் தீயணைப்பு வீரர்களிலும் 28 பேர் சில மாதங்களுக்குள் கதிர்வீச்சு நோயால் இறந்தார்கள். பெலாரசிலும் உக்ரைனிலும் அசுத்தமான பாலைக் குடித்த பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் வந்தது. அந்தப் பாலில் இருந்தது கதிர்வீச்சுள்ள அயடீன், அது எட்டு நாளில் பாதியாகிவிடும். சில கிழமை அந்தப் பாலைக் கொடுக்காமல் விட்டிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

சீசியம் பாதியாக 30 வருடம் எடுக்கும். அதனால்தான் இன்றும் இந்தப் பகுதியில் வெட்டுமுன் மான்களை உயிரோடு அளக்கிறார்கள். வரம்புக்கு மேலே காட்டினால் வெட்டாமல் விட்டுவிடுவார்கள், அல்லது கொஞ்சக்காலம் சுத்தமான தீனி போடுவார்கள். அப்போது உடம்பிலிருந்து கழிந்து போய்விடும். பிரஷ்யன் நீலம் கலந்த உப்புக்கட்டியை மேய்ச்சல் நிலத்தில் வைப்பதும் உண்டு. படம் வரைகிற அதே நீலச் சாயம்தான். அது குடலில் சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். ஆடுகளுக்கும் இதே வைத்தியம். காளான் நன்றாக முளைக்கிற வருடத்தில் மட்டும் அளவு திரும்ப ஏறும், ஏனென்றால் காளான் மண்ணிலிருந்து சீசியத்தை நிறைய இழுக்கும்.

அதனால் வேறு நாடு என்று விட்டுவிட முடியாது அப்பா. நான் உங்களைப் பயப்படுத்தவும் இல்லை. நாளைக்கு எங்காவது ஏதாவது நடந்தால் மன்னாரிலும் வல்வெட்டித்துறையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு யார், எத்தனை மணித்தியாலத்துக்குள் சொல்வார்கள்? பிடித்து வந்த மீனை அளக்கக் கருவி எங்கே இருக்கிறது? மீனவர் சங்கத்தில் இருக்கிற உங்கள் கூட்டாளியிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் எழுப்ப வேண்டிய கேள்விகள் இவை.

நாங்கள் வாங்குகிற இறைச்சி அளந்து தேறியதுதான். அம்மா வீணாகக் கவலைப்பட வேண்டாம். அம்மாவின் முழங்கால் மருந்துக்குக் காசு போட்டிருக்கிறேன். வந்ததும் தம்பியிடம் சொல்லி ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்