சிங்கப்பூரில் கரும்பு எங்கே விளைகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்படோஸ், சிங்கப்பூர் ஆகிய இரு தீவு நாடுகளின் மதுபான ஏற்றுமதியை ஒப்பிட்டுக் கடந்த ஞாயிறு மலரின் வணிகப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், ‘மது தயாரிப்பில் கரும்புத் தீவான பார்படோசைச் சிங்கப்பூர் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது’ என்றொரு வாக்கியம் இருந்தது. என் கண்தான் பழுதாகிவிட்டதோ என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். வாக்கியம் அப்படியேதான் இருந்தது.

ஏற்றுமதி வேறு, மறு ஏற்றுமதி வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. நாட்டுக்குள் வந்த சரக்கு உருமாறாமல் அப்படியே இன்னொரு நாட்டுக்குப் போனால் அது மறு ஏற்றுமதி. சிங்கப்பூர் அரசே தன் வணிகப் புள்ளிவிவரத்தில் உள்நாட்டுச் சரக்கின் ஏற்றுமதியைத் தனியாகவும் மறு ஏற்றுமதியைத் தனியாகவும் காட்டுகிறது. அவர்கள் அவ்வளவு நேர்மையாகப் பிரித்து வைத்ததைத் தங்கள் கட்டுரையாளர் சிரமப்பட்டு ஒன்றாகக் கூட்டி, அவர்கள் கேட்காத மாலையை அவர்கள் கழுத்தில் போட்டிருக்கிறார். அங்கிருந்து கப்பலேறும் மதுவில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் விஸ்கியும் பிரான்சின் கொன்யாக் பிராந்தியும் ஒயினும் போன்ற அயல்நாட்டுச் சரக்குகளே. ஸ்காட்ச் என்று பெயர் சூட்ட வேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூர்க் கிடங்கில் நான்கு மாதம் உறங்கியதால் அது சிங்கப்பூர்ப் பிள்ளையாகிவிடாது.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. பினாங்கில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் எழுதும் கிராணியாக, அதாவது எழுத்தராக, 31 ஆண்டுகள் இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த விஸ்கிப் பெட்டிகளுக்குக் கே1 என்ற இறக்குமதிச் சுங்கப் பாரம் நிரப்பும்போது, உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் ‘சிங்கப்பூர்’ என்று எழுதிவிட்டேன். சுங்க அதிகாரி பாரத்தை மேசைமேல் வீசி, சிங்கப்பூரில் எந்த வட்டாரத்தில் விஸ்கி வடிக்கிறார்கள் என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார். சரக்கு மூன்று நாள் நின்றது. கிடங்கு வாடகையை முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அதே தவற்றுக்குத் தங்கள் கட்டுரையாளருக்கு வண்ணப் படத்துடன் முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது.

இந்தக் கணக்குதான் சரியென்றால், 1987 முதல் தீர்வையற்ற தீவாக இருக்கும் லங்காவியையும் உலகின் மது உற்பத்தி மையங்களுள் ஒன்றாக அடுத்த வாரம் அறிவித்துவிடலாம். பள்ளி விடுமுறையில் கோலா கெடாவுக்குப் படகில் திரும்புவோரின் பைகளே அதற்குச் சாட்சி.

சிங்கப்பூருக்குச் சொந்தச் சரக்கே கிடையாது என்று நான் வாதிட வரவில்லை. 1932இல் அங்கு பிறந்த டைகர் பீர் இருக்கிறது. அதையும் பார்படோசின் ரம்மையும் எதிரெதிரே வைத்திருந்தால் அது ஒப்பீடு. பார்படோஸ் நம் பினாங்குத் தீவைப்போல் ஒன்றரை மடங்குதான் இருக்கும். அங்குள்ள மவுண்ட் கே வடிசாலை 1703ஆம் ஆண்டு ஆவணத்தைக் காட்டித் தன் வயதைச் சொல்கிறது. கரும்புச் சாகுபடி சுருங்கிவிட்டதால், சீனி எடுத்தபின் மிஞ்சுவதும் ரம்முக்கு மூலப்பொருளுமான கழிவுப்பாகை இன்று அவர்களும் வெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பாகைப் புளிக்க வைத்து, வடித்து, பீப்பாயில் முதிர வைப்பது அந்தத் தீவில் என்பதால் சரக்கின் இயல்பே மாறிவிடுகிறது. ஆகவே அது பார்படோசின் பண்டம். அதிலும் ஒரு பகுதி புட்டியில் அடைக்கப்படாமல் மொத்தமாகக் கப்பலேறி, ஐரோப்பாவில் புட்டியும் பெயர்ச்சீட்டும் பெறுகிறது. மொத்தச் சரக்கின் மலிவு விலைதான் பார்படோசின் கணக்கில் ஏறும். அதைத் தங்கப் பூச்சுப் பெட்டியில் போகும் கொன்யாக்கின் விலையோடு நிறுத்துப் பார்த்து, இவன் தோற்றான் என்று தீர்ப்பெழுதுவது எந்த ஊர்த் தராசு?

தொகைகளையெல்லாம் வெறும் ‘டாலர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அமெரிக்க டாலரா, சிங்கப்பூர் டாலரா, பார்படோஸ் டாலரா? அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 2 பார்படோஸ் டாலர் என்று 1975 முதல் அந்நாடு நிலையாக வைத்திருப்பதால், நாணயத்தின் பெயர் விடுபட்டாலே ஒரு நாட்டின் வணிகம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும். செம்பனை எண்ணெய் பற்றிய கட்டுரையில் நம் மலேசிய வெள்ளியை (ரிங்கிட்) டாலராக்கியிருந்தபோதும் இதையே எழுதினேன். தங்கள் இதழைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டு, மீதியை வெட்டிவிட்டீர்கள். ரம், பீர், கொன்யாக் அனைத்தையும் ‘சாராயம்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதியதற்கு அதுவுமில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ‘பினாங்கு தூங்கிவிட்டது’ என்று கட்டுரையை முடித்ததுதான் நெஞ்சில் தைத்தது. இறக்கி ஏற்றும் வணிகத்தை 1786 முதல் நடத்திய ஊர் இது. 1969இல் தீர்வையற்ற சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்ததற்குப் பெயர் தூக்கமா? 19ஆம் நூற்றாண்டில், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் சீனியும் ரம்மும் உற்பத்தியானபோது, அங்கே கரும்பு வெட்டிய தமிழர்களில் நிபோங் தெபாலில் இருந்த என் பாட்டனாரின் தந்தையும் ஒருவர். அவரைத் தூங்க யாரும் விட்டதாக எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டதில்லை.

நான் வேண்டுவது மூன்று வரித் திருத்தம்தான்: அந்தத் தொகையில் மறு ஏற்றுமதியும் அடங்கும் என்று ஒரு வரி, எந்த டாலர் என்று ஒரு வரி, ரம்மை ரம் என்றே அச்சிட்டு இன்னொரு வரி. இடமில்லாமல் இக்கடிதத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால், இம்முறை தயவுசெய்து வணக்கம் சொன்ன இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு