நம்பரைத் திருப்பிச் சொல்லு தாயி

மண்டபம்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கும் உன் அம்மாவுக்கும் மனசு சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் போனில் சொன்ன மருந்தளவை நீ திருப்பிக் கேட்டாய். 'ஒரு தடவை சொன்னால் புரியாதா' என்று அவர் எரிந்து விழுந்தார். பக்கத்தில் இருந்த சீனியர் நர்ஸும் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கேட்டது சரி தாயி. நாளைக்கும் கேள். போனில் எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் 31 வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவன். சின்னப் பிள்ளையாக நீ சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட் அறைக்கு வந்து உட்கார்ந்திருப்பாய். வண்டி வருகிறது, கேட்டை மூடு என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். மூடிப் பூட்டிவிட்டு நான் பிரைவேட் நம்பர் கொடுப்பேன். அது எதற்கு என்று நீ கேட்டிருக்கிறாய், நான் ஒழுங்காகப் பதில் சொன்ன ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன். 'மூடியாச்சு சார்' என்று தூக்கக் கலக்கத்தில்கூட வாய் சொல்லிவிடும். ஆனால் பிரைவேட் நம்பர் தாளில் அடுத்ததாக இருக்கிற இரண்டு இலக்க எண்ணைக் கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாது. நான் 'ஆறு, ஏழு' என்று பிரித்துச் சொல்வேன். அவர் 'ஆறு, ஏழு' என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வார். நான் அந்த எண்ணை அடித்துவிடுவேன். அது முடிந்தால்தான் கேட் மூடியதாகக் கணக்கு. அவர் பதவி எங்கே, என் வேலை எங்கே! ஆனாலும் என்னை நம்பவில்லையா என்று நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டது இல்லை. எனக்கு நேரமில்லை என்று அவரும் போனை வைத்ததில்லை.

உனக்கும் அதே கதைதான். அவர் சொன்னது ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? 'ஒன் ஃபைவ்தானே சார், பதினைந்துதானே' என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகு ஊசியைத் தொடு. இன்சுலினுக்கு 4 என்று எழுதி, யூனிட் என்பதற்குப் பதில் 'யு' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், அது பூஜ்யம் மாதிரி தெரிந்து 40 ஆகிவிடும் என்று நீதானே எனக்குச் சொன்னாய்.

இன்னொன்று. உன் அம்மாவுக்குக் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது சுகர் இறங்கிவிட்டது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். பரீட்சை நேரம், முழுதாகச் சொல்ல மனசு வரவில்லை. நடந்தது இதுதான். காலையில் ஸ்கேன், வெறும் வயிற்றோடு இருக்கணும் என்று நைட் டியூட்டி நர்ஸ் என்னிடம் சொன்னார். நானும் காபித் தண்ணிகூடக் கொடுக்கவில்லை. ஏழரை மணிக்கு டியூட்டி மாறியது. வந்த பெண் கேஸ் ஷீட்டைப் பார்த்து, தினமும் போடுகிற இன்சுலினைப் போட்டுவிட்டுப் போனார். சாப்பாடு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியாததா என்று நானும் வாய் திறக்கவில்லை. ஸ்கேன் தள்ளிக்கொண்டே போனது. பத்து மணிக்கு உன் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, செத்துப்போன உன் பெரிய மாமா பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாதான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். பார்த்தால் சுகர் 42. குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் தெளிந்தது.

சாயங்காலம் அந்த ஆயாம்மா என்னிடம் சொன்னார்: 'அரை மணிக்கு முன்னாடியே அம்மா பார்வை சரியில்லைன்னு நினைச்சேங்கய்யா. நான் சொன்னா யாரு கேப்பாங்கன்னு சும்மா இருந்துட்டேன்.' அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அந்த இரண்டு நர்ஸுகளும் நல்ல பிள்ளைகள், அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். டியூட்டி மாற்றும்போது இரண்டு பேரும் கட்டிலருகே நின்று, எங்கள் காதுபடப் பேசியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இன்று பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். யாரும் கடலுக்குப் போகவில்லை. தங்கச்சிமடத்துக்காரரும் கீழக்கரைக்காரரும் அந்த 3ஐ ஒரே மாதிரிதான் புரிந்துகொள்வார்கள். 'காற்று கொஞ்சம் பலமா இருக்கு' என்று சொல்லிவிட்டிருந்தால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். நீயும் டாக்டரிடம் 'பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்' என்று சொல்லாதே. பிரஷர் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு, ஒரு மணி நேரத்துக்கு முன் எவ்வளவு என்று எண்ணாகச் சொல். நோயாளி நிலைமையைச் சொல்ல 'எஸ்பார்' (SBAR) என்கிற முறையைப் படித்தாயே, அமெரிக்காவில் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களிடமிருந்து வந்தது என்றாய். இப்போது என்ன நிலைமை, இதற்கு முன் என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்யணும். இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு போன் பண்ணு. குரல் நடுங்கினாலும் சீட்டு நடுங்காது. அப்புறம், ஒரே வார்டில் இரண்டு முனீஸ்வரி இருந்தால் பேரோடு, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கொடுக்கிற ஐ.பி. நம்பரையும் பார்த்துவிட்டு மருந்து கொடு. நம்ம பக்கம் பேருக்குப் பஞ்சமில்லை, ஒரே பேருக்கும் பஞ்சமில்லை.

உனக்கு ஆபரேஷன் தியேட்டரில் டியூட்டி போட்டிருந்தபோது நீ காட்டிய அந்தச் சரிபார்ப்புத் தாள், 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்தது, மொத்தம் 19 விஷயம், அதை நான் மறக்கவில்லை. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நகரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில் செய்து பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 என்பது 0.8 ஆகக் குறைந்தது என்றாய். அதில் எனக்குப் பிடித்தது, கத்தி வைக்கும் முன் எல்லோரும் தன் பேரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லணும் என்கிற இடம். ஒரு தடவை பேசிய வாய்க்கு அடுத்த தடவை தப்பைச் சொல்லவும் தைரியம் வரும்.

அந்த டாக்டரிடம் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளாதே. அவரும் தூக்கத்தில் எழுந்தவர். அவர் நிதானமாக இருக்கும் பகல் நேரத்தில் போய், 'போனில் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன் சார், நீங்கள் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பார். சீனியரையும் கூட வரச் சொல். ஒத்துக்கொள்ளாவிட்டால் நர்சிங் சூப்பரின்டெண்டிடம் போ, தப்பில்லை.

அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள், வெயில் இல்லாததால் இரண்டு நாள் ஆகும். அது உனக்கு வந்து சேர்ந்ததும் போன் பண்ணு. உன் வார்டு ஆயாம்மா பேர் என்ன? அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா