அப்புச்சி பிடித்து நின்ற விமானம்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மூன்று மாதமாக ஒரு பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு, அதில் இருப்பது எந்த விமானம் என்று கேட்டு உங்கள் வாசலில் வந்து நின்றேன். "வேலை இருக்கு, அப்புறம் வாங்க" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால்தான் நாலு பேர் அறிய எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் கணக்கு எழுதிய என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1936-இல் மதராஸ் போனபோது விமானத் திடலில் எடுத்துக்கொண்ட படம் அது. வேட்டி, கோட்டு, அக்குளில் குடை. இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பத்தை ஒரு கையால் பிடித்திருக்கிறார். விமானத்தின் உடம்பில் 'வி.டி.' என்ற இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது. மீதியை அவர் தோள் மறைத்துவிட்டது. இந்தியாவில் பதிவான விமானம் என்பதற்கு மேல் அந்த இரண்டு எழுத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. "டாட்டா முதல்முதலா தபால் கொண்டுவந்த ஏரோப்ளேன்" என்பார் அம்மாயி, அம்மாவின் அம்மா. எங்கள் வீட்டில் அதுதான் வேதவாக்கு.

முதலில் ஒரு கடையில் படத்தைத் தெளிவாக்கக் கொடுத்தேன். அப்புச்சியின் முகம் பளிச்சென்று வந்தது. ஆனால் சக்கரத்துக்கு மேலே போன கம்பியைக் கீறல் என்று எடுத்துக்கொண்டு கணினி அழித்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டுடியோ அண்ணன். மூலப்படத்தை மறுபடி வாங்கி, பஞ்சால் தூசி தட்டி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து புதிதாகப் பிரதி எடுத்தார். காசு வாங்கவில்லை. அண்ணா, கடைசியில் பேசியது நீங்கள் காப்பாற்றிய அந்தக் கம்பிதான்.

ஏற்காட்டு ஐயா, விமானப்படையில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தவனுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை நீட்டினீர்கள். "பேரை நான் சொன்னா நாளைக்கு மறந்துடுவீங்க. என்ன தெரியுதுன்னு நீங்க சொல்லுங்க." மேலே ஒற்றை இறக்கை, மூடிய அறை, ஒல்லி மூக்கு என்றேன். நாலு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்குவதால்தான் மூக்கு தாழ்ந்து, ஓட்டுபவருக்கு முன்னால் பார்வை கிடைக்கிறது என்றீர்கள். இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்த மாத் வகை என்பது அங்கேயே முடிவானது. மாத் என்றால் அந்துப்பூச்சி. கம்பெனியைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலாண்டுக்கு வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி மேல் ஆசையாம். இறக்கையைப் பின்னால் மடித்துக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம் என்றதும் எனக்கு அந்தப் பேர் அவ்வளவு பிடித்துப்போனது.

எந்த மாத் என்பதில்தான் சிக்கல். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது புஸ் மாத்தில். அதில் சக்கரத்தின் நீளக் கம்பி நேராக இறக்கையின் அடி வரை ஏறும். நம் படத்தில் அது என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்போடு நின்றுவிடுகிறது. அதோடு புஸ் மாத்துக்கு இறக்கை ஒரே அகலம். அதற்கு அடுத்து வந்த லெபர்ட் மாத்துக்கு நுனி நோக்கிக் குறுகும். சாய்வாக எடுத்த படத்தில் இதை எப்படிச் சொல்வது?

அங்கேதான் ஆசாரி அண்ணன் வந்தார். மூன்றடி நீளத்தில் ஒட்டுப்பலகையில் இரண்டு இறக்கை அறுத்து, எங்கள் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். படத்தின் கோணத்துக்கு வரும்வரை பக்கத்து வீட்டுத் தங்கச்சி "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்ணா" என்று சொல்லிச் சொல்லிக் கைப்பேசியில் எடுத்தாள். குறுகும் இறக்கை படத்தோடு அச்சாகப் பொருந்தியது. கீழிருந்து அம்மா "என்னடா மேல சத்தம்?" என்று கேட்டாள். நாங்கள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

லெபர்ட் மாத். முதன்முதலில் பறந்தது 1933 மே மாதம். அந்த ஜூலையிலேயே டி ஹாவிலாண்டே ஓட்டி இங்கிலாந்தின் கிங்ஸ் கப் போட்டியில் ஜெயித்திருக்கிறார். புஸ் மாத்தின் உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டம். இதற்கு ஒட்டுப்பலகை, மேலே துணி. செய்ததே 133தான். "பலகையிலயா பறந்தாங்க?" என்று கேட்டுவிட்டு, ஆசாரி அண்ணன் படத்தின் மேல் விரல் படாமல் அந்த வளைவை ஓட்டிப் பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

1933-இல் பிறந்த விமானம் 1932-இல் தபால் சுமந்திருக்க முடியாது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது ஏற்காட்டு ஐயா போனில் சொன்னார்: "1982-ல, எழுபத்தெட்டு வயசுல, டாட்டா அதே வழியில மறுபடி பறந்து காட்டினார் இல்லையா? அது லெபர்ட் மாத்துதான். உங்க அம்மாயி ரொம்பத் தள்ளிப் போயிடலன்னு சொல்லுங்க."

சொன்னேன். அம்மா இரண்டு தரம் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கச் சொன்னாள். எழுதிவிட்டேன். உங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு பிரதி சட்டம் போட்டு ஸ்டுடியோவில் இருக்கிறது. ஐயா, உங்களுடையதை நானே மலை ஏறி வந்து தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
வெல்ல மண்டிக் கணக்குப்பிள்ளையின் பேரன்,
சேலம்