சில்லிக்கு ஒரு வரி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு நாய்க் குடும்பத்தின் கதையான ‘ப்ளூயி’ கார்ட்டூன் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். அப்பா பேண்டிட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளோடு தரையில் உருண்டு விளையாடும் அப்பாவைக் கொண்டாட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அம்மா சில்லிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: வீட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கண்டிப்பான அம்மா, அவ்வளவுதான். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

கண்டிப்பான அம்மா என்றால் மழை பற்றிய அந்த அத்தியாயத்தை எங்கே வைப்பது? மூத்த மகள் ப்ளூயி மழையில் ஓடும் தண்ணீரைத் தடுத்து அணை கட்டப் பார்க்கிறாள். பொருள் எடுக்க அவள் ஈரக்காலோடு வீட்டுக்குள் ஓடிவரும்போதெல்லாம் சில்லி தரையைத் துடைக்கிறாள், வழிமறிக்கிறாள், அலுத்துப்போகிறாள். வசனம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கடைசியில் அவளே மழையில் இறங்கி மகளோடு சேர்ந்து அந்தத் தண்ணீரைத் தடுக்கிறாள். துடைத்தவளும் அவள்தான், நனைந்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சில்லி முழுசாகத் தெரிவாள்.

ஜோ பிரம் உருவாக்கிய இந்தத் தொடர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தயாராகிறது. 2018 அக்டோபரில் முதலில் ஒளிபரப்பானது. பெரும்பாலும் ஒரு கதைக்கு 7 நிமிடங்கள்தான். அந்த 7 நிமிடத்துக்குள் சில்லி வேலைக்குப் போகிறாள் (விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவில் பகுதிநேர வேலை), ஹாக்கி ஆடுகிறாள், சலித்துக்கொள்கிறாள், தன் அப்பாவுக்கு மகளாகவும் இருக்கிறாள். மெலனி சனெட்டி குரல் கொடுத்திருக்கிறார். சில்லி களைத்துப்போயிருக்கும்போது அந்தக் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

களைப்பு என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஒருநாள் சில்லி, 20 நிமிடத்துக்கு யாரும் என் பக்கத்தில் வராதீர்கள் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுகிறாள். ப்ளூயிக்கு உடனே பயம், தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று. அவள் அதை ஒரு விளையாட்டின் வழியாகத்தான் மெல்லப் புரிந்துகொள்கிறாள். அம்மாவுக்கும் சோர்வு வரும், அதற்காக அம்மாவின் அன்பு குறைந்துவிடாது என்பதைச் சின்னக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? நான் பல வருடம் சொல்லத் தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருக்கப் பார்த்து, கடைசியில் ஒன்றுமில்லாததற்குக் கத்தியிருக்கிறேன். சில்லி கத்துவதற்கு முன்பே அந்த 20 நிமிடத்தைக் கேட்டுவிடுகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் கேட்க வாய் வந்தது.

ஆனால் என்னை அழவைத்தது வேறொரு கதை. ப்ளூயி கைக்குழந்தையாக இருந்த நாட்களை சில்லி பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஜூடோ முந்திக்கொண்டு போகிறாள், ப்ளூயியோ பின்பக்கமாகத் தவழ்கிறாள். தன் வளர்ப்பில்தான் ஏதோ குறை என்று சில்லி மனசுக்குள் குமைகிறாள். அப்போது பல பிள்ளைகளை வளர்த்த இன்னொரு தாய் வீடு தேடி வந்து, நீ நன்றாகத்தான் செய்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். யோசனையோ மருந்தோ எதுவும் சொல்லவில்லை, அந்த ஒரு வார்த்தைதான். என் மூத்தவள் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் நடந்தாள். “இன்னுமா நடக்கல?” என்று கேட்காத ஆள் கிடையாது. அந்த மாதங்களில் யாராவது எனக்கும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் கழித்து அதை ஒரு கார்ட்டூன் நாய் சொல்லக் கேட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் “ஏம்மா அழுவுற?” என்று கேட்டாள்.

சில்லி தன் அப்பாவை ஓய்வெடுக்க வைக்க அலையும் கதையும் உண்டு. கடைசியில் இருவரும் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து, சில்லி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தை நினைக்கிறார்கள். அதெல்லாம் ரொம்ப நாளைக்கு முன்னால் என்கிறாள் சில்லி. இல்லை, நேற்றுதான் என்கிறார் அவர். அந்த இடத்தில் பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் உடனே அப்பாவிடம் பேச வேண்டும் போலிருந்தது.

பேண்டிட்டைப் பார்த்து அப்பாக்கள் விளையாடக் கற்றுக்கொள்ளட்டும், சரி. அவன் விளையாடி முடித்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் உங்கள் கட்டுரையாளர் ஒருமுறை பார்க்க வேண்டும். மழைக் கதையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு சில்லிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால், என் இரண்டு பிள்ளைகளோடும் உட்கார்ந்து அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி